‘ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம்’

வாசகர் கடிதம்:

தென்மாவட்டம் ஒன்றில் சிறிய ஊராட்சி எங்களுடையது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்க முடிவு செய்திருந்தேன். மனுத்தாக்கலின் கடைசி நாள் காலையில் இரண்டு காவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். “ஐயா கூப்பிடுகிறார், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம்” என்று என் கணவரை அழைத்துப் போனார்கள். என்ன வழக்கு என்று சொல்லவில்லை, காகிதம் எதுவும் தரவில்லை. மதியமாகியும் அவர் திரும்பாததால் வேட்புமனுவைக் கையில் வைத்துக்கொண்டே காவல் நிலையத்துக்குப் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். மாலை ஆறு மணிக்குத்தான் அவரை விட்டார்கள். மனுத்தாக்கல் ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. ஒரே ஒருவர் மனுக் கொடுத்திருந்ததால் அவர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவித்தார்கள். அடுத்த தேர்தலில் நான் கட்டாயம் நிற்பேன். மறுபடியும் இதே நடந்தால் நீதிமன்றம் உதவுமா? “தேர்தல் விஷயத்தில் கோர்ட் தலையிடாது” என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொல்கிறார். அன்று நடந்ததற்கு இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வேப்பமரத்தடியில் நீங்கள் உட்கார்ந்திருந்த நான்கைந்து மணி நேரத்துக்குள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உங்களுக்காக ஒருவர் எழுந்து நின்று பேசியிருக்க முடியும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஒரு வழி இருப்பதை உங்களுக்குச் சொல்ல அன்று பக்கத்தில் ஒருவர்கூட இல்லாமல் போனாரே என்ற ஆற்றாமையில் எழுதுகிறேன்.

கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் நடந்த அந்தத் தேர்வை இனி ரத்து செய்ய முடியாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன் 258ஆம் பிரிவின்படி, முடிவு வெளியான 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் வழக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது. போதாக்குறைக்கு, அன்று தேர்வானவர்களின் பதவிக்காலமே 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துபோனது. ஆனால் அன்று நடந்தது வீணாகப் போக வேண்டியதில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வழக்கறிஞர் நண்பர் சொன்னது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மைதான் எத்தனையோ பேரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு, ஊராட்சித் தேர்தல் எதையும் தேர்தல் வழக்கின் மூலமாக மட்டுமே கேள்விக்கு உட்படுத்தலாம் என்கிறது. நகராட்சிகளுக்கு 243-இஸட்ஜி பிரிவும் அதையே சொல்கிறது. இந்தத் தடையின் வேர் நம் ஊரில்தான் இருக்கிறது. குடியரசின் முதல் பொதுத்தேர்தல் நேரம். நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். அவர் வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ‘தேர்தல்’ என்பது வாக்களிக்கும் ஒரு நாளை மட்டும் குறிப்பதாகாது, அறிவிப்பு தொடங்கி முடிவு வரை நடக்கும் எல்லாமே தேர்தல்தான், நடுவில் நீதிமன்றம் புகுந்து நிறுத்தக்கூடாது, குறை இருந்தால் முடிந்த பிறகு தேர்தல் வழக்குப் போடுங்கள் என்றது நீதிமன்றம். அது சட்டமன்றத் தேர்தல் பற்றிய 329ஆம் பிரிவின் கீழ் வந்த தீர்ப்பு. எழுபது ஆண்டுகள் கடந்தும், உள்ளாட்சித் தேர்தல் வழக்குகளில் அரசுத் தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான்.

அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. தோற்கப்போகிறவர்கள் ஆளுக்கொரு தடையாணை வாங்கினால் எந்தத் தேர்தலும் நடக்காது. 2024 அக்டோபரில் பஞ்சாப் ஊராட்சித் தேர்தலின்போது உயர் நீதிமன்றம் பல ஊர்களில் முதலில் இடைக்காலத் தடை கொடுத்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அந்தத் தடைகளை நீக்கி, நூற்றுக்கணக்கான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அந்த மனுதாரர்களில் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வழக்கின் வடிவம் ‘தேர்தலை நிறுத்து’ என்பதாக அமைந்தால் நம் நீதிமன்றங்களில் முடிவு பெரும்பாலும் இப்படித்தான்.

மற்ற பாதி 1977 டிசம்பரில் வந்தது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தலைத் தடுக்கும் வழக்கு வேறு, தேர்தல் சரியாக நடக்கத் துணைசெய்யும் வழக்கு வேறு என்று பிரித்துக் காட்டியது. 2000இல் அசோக் குமார் வழக்கில் அது இன்னும் தெளிவானது. தேர்தலின் ஓட்டத்தைச் சீராக்கவும், வழியில் கிடக்கும் தடையை அகற்றவும், விட்டால் அழிந்துபோகக்கூடிய சாட்சியத்தைக் காப்பாற்றவும் உயர் நீதிமன்றம் நடுவிலேயே உத்தரவிடலாம் என்றது. உங்கள் வழக்கறிஞர் நண்பரிடம் இந்த மூன்றையும் காட்டுங்கள். அவரே உங்களுக்காக மனுவை எழுதிக் கொடுக்கக்கூடும்.

இதைவிட எளிய வாதம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் கணவரைக் காகிதம் எதுவும் இல்லாமல் நிலையத்தில் உட்கார வைத்தது தேர்தலின் எந்தக் கட்டம்? அறிவிப்பா, மனுத்தாக்கலா, பரிசீலனையா? எதுவும் இல்லை. அது ஒரு மனிதரைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைத்த குற்றம். 243-ஓ தடுப்பது தேர்தலைக் கேள்வி கேட்பதை. காவல் துறையைக் கேள்வி கேட்பதை அது தடுக்கவில்லை. அன்று மதியம் ஓர் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கேட்கும் மனு, தாக்கலாகியிருந்தால், “இது தேர்தல் விவகாரம், விசாரிக்க முடியாது” என்று எந்த அரசு வழக்கறிஞரும் சொல்லியிருக்க முடியாது. அந்த மனுவை நீங்கள்தான் போட வேண்டும் என்பதில்லை. உறவினரோ நண்பரோ யாரும் போடலாம்.

நானே நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல். காலை பத்து மணிக்குக் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் எங்கள் வழக்கறிஞர் அறைக்கு ஓடி வந்தான். கையில் மஞ்சள் பை. அதற்குள் அப்பாவின் வேட்புமனு, வீட்டுவரி ரசீது, வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தின் நகல். ஒன்பது மணிக்கு அப்பாவை ‘விசாரணைக்கு’ என்று கூட்டிப் போயிருந்தார்கள். பிரமாணப் பத்திரத்தை மரப்பெஞ்சில் உட்கார்ந்து கையாலேயே எழுதினோம். வழக்கமான விசாரணை தொடங்கும்போதே அவசரமாக முறையிட்டு, உணவு இடைவேளை முடிந்ததும் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினோம். இரண்டே கால் மணிக்கு வழக்கு வந்தது. “விசாரணைக்காக அவரே வந்திருக்கிறார்” என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “குற்ற எண் என்ன?” அரசு வழக்கறிஞர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். குற்ற எண் இல்லை. “அவரை அனுப்பிவிட்டார்களாம்” என்றார். மூன்று மணிக்கு நிலையத்திலிருந்து வெளியே வந்தவர் நாலே காலுக்கு மனுவைக் கொடுத்தார். அந்த வழக்கில் நீண்ட தீர்ப்பெதுவும் எழுதப்படவில்லை. பதிவேட்டில் மனு முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் தேர்தல் நடந்தது.

அந்தப் பையனுக்கும் உங்களுக்கும் இருந்த வித்தியாசம் துணிச்சலில் இல்லை. யாரிடம் ஓட வேண்டும் என்பது அவனுக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேற்கு வங்கத்தைப் பாருங்கள். 2018 ஊராட்சித் தேர்தலில் அங்கே 58,000-க்கும் மேற்பட்ட இடங்களில் 20,000-க்கும் மேற்பட்டவற்றுக்குப் போட்டியே இல்லை. மனுக் கொடுக்கப் போனவர்களை அடித்துத் துரத்தினார்கள், காவலர்கள் கண்டுகொள்ளவில்லை என்று எதிர்க்கட்சிகள் வழக்குக்கு மேல் வழக்குப் போட்டன. மாநிலத் தேர்தல் ஆணையம் மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் நீட்டிப்புக் கொடுத்துவிட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தத் திரும்பப் பெறலை ரத்து செய்து, கூடுதலாக நாள் ஒதுக்கவைத்தது. பாங்கர் பகுதியில் அலுவலகத்தை நெருங்கவே முடியாமல் வாட்ஸ்அப்பில் மனு அனுப்பிய ஒன்பது பேரின் மனுக்களை ஏற்கும்படி உத்தரவிட்டது. தேர்தல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டியவர்களுக்கு அந்த அளவாவது கிடைத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், போட்டியின்றித் தேர்வான அத்தனை இடங்களையும் மொத்தமாக ரத்து செய்ய மறுத்துவிட்டது. குறை உள்ளவர்கள் அரசிதழில் முடிவு வெளியாகி 30 நாட்களுக்குள் தனித்தனியே தேர்தல் வழக்குப் போடலாம் என்று மட்டும் வழிவிட்டது. மின்னஞ்சலில் மனுக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆகவே வாட்ஸ்அப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். மனு காகிதமாக அந்த மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

2023இல் அதே மாநிலத்தில் அதே நீதிமன்றம் முந்திக்கொண்டது. எல்லா மாவட்டங்களுக்கும் மத்தியப் படையை வரவழைக்கச் சொன்னது. மாநில அரசும் ஆணையமும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது, தேர்தல் நடத்துவது வன்முறைக்குக் கொடுக்கும் உரிமம் ஆகிவிடாது என்ற பொருளில் அங்கே கண்டனம் கிடைத்தது, மனுக்கள் தள்ளுபடி ஆயின. மனுக் கொடுக்க முடியாமல் தவித்த வேட்பாளர்களைக் காவலர்களே பாதுகாப்பாக அழைத்துச்சென்று அலுவலகத்தில் விட வேண்டும் என்ற உத்தரவும் அப்போது வந்தது. உங்களுக்குப் பயன்படப்போவது இந்தக் கடைசி உத்தரவுதான். எந்தக் காவல் துறை தடுக்கிறது என்று சொல்கிறோமோ, அதன் கையிலேயே ‘இவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது உன் பொறுப்பு’ என்று ஒப்படைப்பது. வழியில் ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அப்போது எழுத்தில் இருக்கிறது. இருந்தும் அந்தத் தேர்தலில் உயிர்கள் போயின. நீதிமன்ற உத்தரவு கேடயம்தான், கோட்டை இல்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

திரிபுராவில் 2021 நவம்பரில் நகராட்சித் தேர்தல். வேட்பாளர்கள் தாக்கப்படுகிறார்கள், காவல் துறை ஒரு பக்கமாக நடக்கிறது என்ற புகாருடன் உச்ச நீதிமன்றம் போனார்கள். தேர்தலைத் தள்ளிவைக்க நீதிமன்றம் மறுத்தது. ஆனால் காவல் துறைத் தலைவர் மாநிலத் தேர்தல் ஆணையத்தோடு உட்கார்ந்து பாதுகாப்பை முடிவு செய்ய வேண்டும் என்றது. வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த காலையிலேயே வழக்கை மறுபடி எடுத்து, கூடுதலாக இரண்டு கம்பெனி மத்தியப் படையை அனுப்பவைத்தது. தேர்தலை நிறுத்தக் கேட்டவர்களுக்கு மறுப்பு, நடத்த உதவி கேட்டபோது அன்றைக்கே உத்தரவு. உங்கள் மனுவின் கோரிக்கைப் பகுதியை எழுதும்போது இதை மனதில் வையுங்கள்.

காவலர்கள் எதுவும் செய்யாமல் நிற்பதும் தலையீடுதான். 2006 அக்டோபரில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிகளில் நடந்த வன்முறையின்போது காவலர்கள் கைகட்டி நின்றதாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. வழக்கு உயர் நீதிமன்றம் போய், அமர்வின் இரு நீதிபதிகளும் வேறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் 2007 பிப்ரவரியில் ஏராளமான வார்டுகளில் மக்கள் மறுபடியும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். தலைநகரில், கேமராக்களின் முன்னால், பெரிய கட்சிகள் வழக்காடிய விவகாரத்துக்கே நான்கு மாதம் பிடித்தது. உங்கள் ஊராட்சிக்குக் கேமரா வராது. அதனால்தான் உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்தக் காகிதங்களில் முதலாவது மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் போக வேண்டும். 243-கே பிரிவின்படி ஊராட்சித் தேர்தலை நடத்தும் முழு அதிகாரமும் ஆணையத்திடம் இருக்கிறது. 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அதன் எல்லைக்குள் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு இணையான அதிகாரம் உண்டு என்றும், மாநில அரசு ஒத்துழைக்க மறுத்தால் ஆணையமே உயர் நீதிமன்றம் போகலாம் என்றும் சொன்னது. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2013இல் மேற்கு வங்கத்தின் மாநிலத் தேர்தல் ஆணையர் மீரா பாண்டே, போதிய பாதுகாப்புப் படை தர மறுத்த தன் மாநில அரசை எதிர்த்தே வழக்காடி, உச்ச நீதிமன்றம் வரை போய், மத்தியப் படையோடு ஐந்து கட்டமாகத் தேர்தலை நடத்தினார். எல்லா ஆணையர்களும் அப்படி இருப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆணையத்துக்கு எழுதாமல் நீதிமன்றம் போனால் முதல் கேள்வியே “ஆணையத்திடம் புகார் கொடுத்தீர்களா?” என்பதாக இருக்கும். அங்கேயே அரை நாள் போய்விடும்.

ஆகவே அறிவிப்பு வெளியான அன்றே ஒரு பக்கப் புகார் ஒன்றை அனுப்புங்கள். 2019இல் நடந்ததைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி, இம்முறையும் அப்படி நடக்கும் என்று அஞ்சுவதாகவும், மனுத்தாக்கல் முடியும் வரை பாதுகாப்பு வேண்டும் என்றும் கேளுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம், மாவட்டத் தேர்தல் அலுவலராக இருக்கும் ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், உங்கள் மாவட்டத்துக்கு வரும் தேர்தல் பார்வையாளர் ஆகிய நால்வருக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போக வேண்டும். தபால் ரசீதை பத்திரப்படுத்துங்கள். நிலையத்தில் புகார் கொடுக்க நேர்ந்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மனுவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நல்ல நாள் பார்ப்பதும், கடைசி நேரத்தில் கூட்டத்தோடு போவதும் நம் பழக்கம். உங்களைத் தடுக்க நினைப்பவருக்கு வசதியான நாளும் அதுதான். முதல் நாளே கொடுத்துவிட்டால், தடை வந்தாலும் நீதிமன்றம் போக நாட்கள் மிச்சமிருக்கும். வேட்பாளர் வர முடியாதபோது முன்மொழிபவர் மனுவைக் கொடுக்கலாம். ஆகவே முன்மொழிபவர் உங்கள் வீட்டிலேயே இருப்பவராக இருக்க வேண்டாம். கையெழுத்திட்ட இன்னொரு தொகுப்பு அவரிடம் இருக்கட்டும். ஊரில் பதவி ஏலம் பேசி, ‘போட்டி வேண்டாம், ஒற்றுமைதான் முக்கியம்’ என்று உங்களை வாபஸ் வாங்கச் சொல்வதற்கு ஆட்கள் வருவார்கள். அந்தப் பேச்சின்போது சீருடையில் ஒருவர் பக்கத்தில் நின்றால், அது ஊர்ப் பஞ்சாயத்து என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காவலர்கள் மறுபடி வந்தால் என்ன செய்வது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி, சாட்சியாக விசாரிக்க அழைப்பதற்கு எழுத்துமூலம் உத்தரவு வேண்டும். பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க முடியும், நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் 35ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு தர வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இந்த மூன்றிலும் இல்லாமல் ‘சும்மா வந்துவிட்டுப் போ’ என்பதற்குச் சட்டத்தில் பெயரே இல்லை. வாக்குவாதம் செய்யாதீர்கள். மரியாதையாக “நோட்டீஸ் கொடுங்கள் ஐயா, வக்கீலோடு வருகிறோம்” என்று சொன்னால் போதும். வாசலில் நிற்கும் ஏட்டுக்கு உங்கள் மீது தனிப்பட்ட பகை எதுவும் இருக்காது. மேலே இருந்து யாரோ சொன்னதைச் செய்ய வந்திருப்பார். எழுத்தில் கேட்டால் அவருக்கே திரும்பிப் போக ஒரு காரணம் கிடைக்கும்.

தேர்தல் நேரத்தில் அமைதியைக் காக்க என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்குவதும் வழக்கம். பழைய சட்டத்தில் 107ஆம் பிரிவு என்று சொன்னது புதிய சன்ஹிதாவில் 126ஆம் பிரிவு. அதற்கும் நிர்வாக நடுவர் முறைப்படி அறிவிப்பு அனுப்பி விசாரிக்க வேண்டும். நிலையத்திலேயே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க முடியாது. இன்னொரு பயமுறுத்தலும் வரும்: ‘வழக்கு இருந்தால் தேர்தலில் நிற்க முடியாது.’ இது பொய். வழக்கு நிலுவையில் இருப்பது தகுதியிழப்பு ஆகாது. கணவர் மேல் உள்ள வழக்கு உங்கள் மனுவை எந்த வகையிலும் தொடாது.

இனி நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது. தேர்தலுக்குத் தடை கேட்காதீர்கள். நான் மனுக் கொடுத்துத் திரும்பும் வரை பாதுகாப்பு, உரிய அறிவிப்பு இல்லாமல் என்னையோ கணவரையோ முன்மொழிபவரையோ நிலையத்துக்கு அழைக்கக்கூடாது என்ற கட்டளை, மனுத்தாக்கல் அலுவலகத்தில் வீடியோ பதிவு, நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை அழிக்காமல் வைக்க உத்தரவு. இவ்வளவுதான். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. ‘அவர் இங்கே வரவே இல்லை’ என்று சொல்லும் வாயை நிலைய வாசலில் இருக்கும் அந்தக் கேமரா அடைத்துவிடும். சண்டிகர் மேயர் தேர்தலில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் தேர்தல் அதிகாரியே எட்டு வாக்குச்சீட்டுகளில் கிறுக்கிச் செல்லாததாக்கினார். மூன்றே வாரத்தில் உச்ச நீதிமன்றம் முடிவைப் புரட்டிப் போட்டதற்குக் காரணம் அவர் கிறுக்கியது வீடியோவில் இருந்ததுதான். மிரட்டல் தொலைபேசியில் வந்தால் ஒலிப்பதிவு இருக்கும் அசல் கைப்பேசியைப் பத்திரமாக வையுங்கள். மற்றவர்களுக்கு அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் தருவது பெரும்பாடு.

ஓர் எச்சரிக்கை. இப்படிப்பட்ட மனுக்களில் ‘மனுதாரரின் புகாரை அதிகாரிகள் சட்டப்படி பரிசீலிக்க வேண்டும்’ என்று ஒரு வரியில் உத்தரவு வருவதுண்டு. பார்க்க வெற்றி போல இருக்கும். காலக்கெடு இல்லாத அந்த உத்தரவு கையில் வரும்போது தேர்தலே முடிந்திருக்கும். உங்கள் வழக்கறிஞர் எழுந்து, “இத்தனை மணிக்குள்” என்று கேட்க வேண்டும். நாட்களில் இல்லை, மணிக்கணக்கில். நீதிபதிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்காததால்தான் எழுதப்படுவதில்லை.

நீங்கள் எந்தச் சமூகம் என்று கடிதத்தில் எழுதவில்லை. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால் உங்களிடம் இன்னும் வலுவான ஆயுதம் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அவர்களை வேட்புமனுக் கொடுக்கவிடாமல் தடுப்பதையும், மிரட்டி வாபஸ் வாங்கவைப்பதையும், முன்மொழியவிடாமல் செய்வதையும் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் சிறைத் தண்டனை உண்டு. மேலவளவில் 1997இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டதையும், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலே நடத்த முடியாமல் கிடந்ததையும் பார்த்த மாவட்டங்களில் நின்று இதை எழுதுகிறேன். அந்தப் பிரிவின் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கவலை கடிதத்தின் ஓரங்களில் தெரிகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தை இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மதுரைக் கிளையிலும் அதற்கெனக் குழு இருக்கிறது.

கடைசியில் சொல்வதாக எழுதிய விஷயம் இதுதான். இந்த வாரமே நீங்களும் கணவரும் தனித்தனியாக உட்கார்ந்து, அந்த 2019 டிசம்பர் நாளை நினைவில் இருக்கும்வரை எழுதுங்கள். வந்த இருவரின் அடையாளம், என்ன சொன்னார்கள், உள்ளே எந்த அறையில் உட்கார வைத்தார்கள், யார் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள், மரத்தடியில் உங்களை யார் யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்துத் திருத்த வேண்டாம். நினைவில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். அன்று உங்களைப் பார்த்தவர்களில் யாராவது கையெழுத்துப் போடத் தயாராக இருந்தால் அவர் சொல்வதையும் தனியே வாங்குங்கள். பழைய தேர்வை ரத்து செய்ய அது உதவாது. ஆனால் அடுத்த மனுவில் ‘எனக்கு அச்சம் இருக்கிறது’ என்ற வரிக்குக் கீழே இணைக்க அதைவிட வலுவான காகிதம் உங்களிடம் வேறு இல்லை. அன்றைய வேட்புமனுவை இன்னும் வைத்திருக்கிறீர்களா? இருந்தால், தாக்கல் ஆகாத அந்தத் தாளையும் அதோடு சேர்த்து வையுங்கள்.